சோலை யாருடைய பேர்?

வாசலில் நின்று பக்கத்து வீட்டு மூக்கன் வெல்லக்கட்டியை நீட்டியபோதே, என்ன சேதி என்று ராசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"பேரனுக்குப் பேரு வெச்சாச்சு, அம்மிணி! சோலைன்னே வெச்சுப்புட்டம். உங்க புள்ளயோட பேரு நொம்ப ராசியான பேரு. அதான் முதல்ல உங்களுக்கு இனிப்பு..."

உள்ளே களி உருண்டையைப் பிட்டுக்கொண்டிருந்த பொன்னுவேலின் கை அப்படியே நின்றது. ராசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, கணவனின் முகம் எப்படி இறுகியிருக்கும் என்று. பதிமூன்று வருடங்களாகப் பார்த்துப் பழகிய இறுக்கம் அது.

மூக்கனுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தம் போக்கில் பேசினார். "நேத்து மாரமங்கலத்துக்கு மொளகு வெலை கேக்கப் போயிருந்தேன். இந்தப் பேரைச் சொன்னதும் கடைக்காரரு, 'அட, எங்கூரு சோலைகூடத் திரும்பி வந்துருச்சே, எஸ்டேட் லைன்லதான் இருக்குது'ன்னாரு. பாருங்க, உங்க பொறந்த ஊருலயும் ஒரு சோலை!"

சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதி விழுந்த சத்தத்தில் மூக்கன் திடுக்கிட்டுப் போய்விட்டார். வெல்லத்தைப் படியில் வைத்துவிட்டு, "வாறேனுங்க..." என்று நழுவினார்.

அவர்கள் ஊரான தலைச்சோலையில் அப்போது ஏழு சோலைகள் இருந்தன. நான்கு பையன்கள், மூன்று பெண் குழந்தைகள். மூத்தவள் ராசம்மாளின் மகள். நான்கு வயதில் ஒரு மார்கழி மூடுபனியில் காணாமல் போய், இரண்டு நாள் கழித்து ஒரு கீறல்கூட இல்லாமல் மிளகுக் கொடிகளுக்கு நடுவிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தவள். அதற்குப் பிறகுதான் ஊருக்கு அந்தப் பேர்மேல் ஆசை வந்தது. நோஞ்சானாய்ப் பிறந்த ஒரு குழந்தைக்கு அதை வைத்தார்கள், அது தேறியது. அப்புறம் ஆணென்றும் இல்லை, பெண்ணென்றும் இல்லை. சாயங்காலம் ஒரு தாய் "சோலை...!" என்று கூப்பிட்டால் நாலு வாசலிலிருந்து பதில் வரும்.

ஊரே அந்தப் பேரைக் கொண்டாடியது. பொன்னுவேலுக்கு மட்டும் ஒவ்வொரு கூப்பாடும் நெருப்பாய்ச் சுட்டது.

காரணம் அவன் அம்மா காளியாயி. ராசம்மாள் பிள்ளை பெற்றுக்கொண்டு தாய்வீட்டிலிருந்து வந்த அன்றே அவள் கேட்டாள், "சோலையா? எங்க பெரியப்பன் மவன் பேரு சோலை. அது ஆம்பளைப் பேரு. பொட்டப்புள்ளைக்கு ஆம்பளைப் பேரை வெச்சுக்கிட்டு வந்திருக்கறயே, அவன் யாருடீ?"

ராசம்மாள் பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பேரை மாற்றவும் ஒப்பவில்லை.

"ஏ புள்ளே!" பொன்னுவேல் எழுந்து வந்தான். கண்கள் சிவந்திருந்தன. "வந்துட்டானாமா, உன்ற சோலை! கேட்டயா?"

"ஏனுங்க... அப்படியெல்லாம் இல்லைங்க..."

"என்ன இல்லை? பதிமூணு வருசம்! ஊருக்குள்ள எவன் புள்ளையக் கூப்பிட்டாலும் எனக்கு உன்ற சிரிப்புதான் தெரியுது. அவனை நெனச்சுத்தானே இந்தப் பேரு? கெளம்பு! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகோணும்."

"போடா சாமி, போயிப் பாத்துட்டு வா. அப்பவே சொன்னேன்..." என்றாள் காளியாயி அடுப்படியிலிருந்து.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அது ஒன்றுதான் ராசம்மாளுக்கு ஆறுதல்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரலாம் போல இடைவெளி விட்டு. வளைவுக்கு வளைவு ராசம்மாளின் பயம் கூடிக்கொண்டே போனது. அவள் பயந்தது கணவனுக்கு அல்ல. சோலை ஏன் திரும்பி வந்தாள்? எதைக் கேட்க வந்தாள்?

ஆம், சோலை ஒரு பெண். மாரமங்கலத்தில் ராசம்மாளின் அப்பா தோட்டத்துக் குடிசையில் தங்கி, அவளோடு காப்பிப்பழம் பறித்தவள். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் மலைப்பாதை இடிந்து, ஜீப்புகூட ஏறாத மழையில், ராசம்மாளுக்குப் பிறந்த குழந்தை அழவே இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சோலை அந்தக் குடிசையில் ஒரு பெண்ணைப் பெற்றிருந்தாள். தாலி கட்டுகிறேன் என்று சொன்னவன் ஊரைவிட்டே போயிருந்தான். ராசம்மாளின் குழந்தை பிழைக்காத செய்தி கேட்டு, சோலை நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, தன் குழந்தையை ராசம்மாளின் பக்கத்தில் கிடத்தினாள். "உனக்குப் பால் கட்டிக்குமில்ல... இவளுக்குக் குடு" என்றாள்.

பத்தாம் நாள் அவள் குடகுக்குக் கிளம்பினாள். "என்கூட இருந்தா இவளை அப்பன் யாருன்னு கேட்டே கொன்னுருவாங்க, ராசு. உன்கூட இருக்கட்டும். என் பேரை மட்டும் வெச்சுக் கூப்பிடு. அது போதும் எனக்கு."

ராசம்மாளின் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. அந்த அம்மாவும் இப்போது இல்லை.

வாக்கைக் காப்பாற்றினாள் ராசம்மாள். ஆனால் அந்த வாக்கு அவளை எப்படி அறுத்தது என்று யாருக்குத் தெரியும்? தான் பாலூட்டி, தான் சீராட்டி, தான் தலைவாரிவிட்ட பெண்ணை, ஒவ்வொரு காலையும் இன்னொருத்தியின் பேரைச் சொல்லியல்லவா எழுப்ப வேண்டியிருந்தது! கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், 'இவள் உன்னுடையவள் இல்லை' என்று அந்தப் பேர் திருப்பிச் சொன்னது. கணவன் அந்தப் பேர்மேல் பொறாமைப்பட்டது வீட்டுக்குள் தெரிந்தது. அவனைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டவள் அவள்தான்.

எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் பொன்னுவேல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். குரலை உயர்த்திக் கேட்டான். "இங்க சோலை ஊடு எது?"

முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு மெலிந்த பெண் நிமிர்ந்தாள்.

"நாந்தானுங்க சோலை. என்னங்க வேணும்?"

அந்தப் பெண் அவனுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவியது.

"ராசு...!"

"நீ... நீ பொம்பளையா?" என்றான் பொன்னுவேல், முட்டாள் போல.

சோலை அவன் முகத்தையும் ராசம்மாளின் அழுத கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரித்தாள்.

"ஆமாங்க. எங்கப்பன் ஆம்பளப்புள்ள வேணும்னு நெனச்சு வெச்ச பேரு. ராசுவும் நானும் ஒண்ணாப் பழம் பறிச்சவங்க. உனக்குப் புள்ள பொறந்தா எம்பேரை வைக்கோணும்னு வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க. நெசமாவே வெச்சுட்டாளா?"

பொன்னுவேலுக்குத் தலை கவிழ்ந்தது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டான், "உங்களுக்குப் புள்ளைங்க?"

சோலை சிதறிய மிளகைக் கூட்டினாள். "ஒண்ணு பொறந்துச்சுங்க. தங்கலைங்க..."

அவ்வளவுதான். ராசம்மாள் அங்கேயே நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். பழி நீங்கியது, ரகசியம் பிழைத்தது, மகள் தனக்கே தனக்கு. பொறாமை பிடித்த அவள் மனம், 'வாயை மூடு, திரும்பிப் போ' என்றுதான் சொன்னது. ஆனால் உயிரோடு துள்ளித் திரிகிற பெண்ணை, பெற்றவள் வாயாலேயே செத்துப்போனதாகச் சொல்லவைத்துவிட்டு எப்படிப் போவது?

"பொய்யிங்க!" என்று கதறினாள். "அவ சொல்றது பொய்யிங்க! தங்குச்சுங்க... நம்ம ஊட்டுலதாங்க தங்குச்சு! நான் பெத்ததுதாங்க போயிருச்சு... அவ பெத்ததை எங்கிட்டக் குடுத்துட்டு, பேரை மட்டும் கேட்டாளுங்க... பேரை மட்டும்...!"

"ராசு! பேசாம இரு!" சோலை அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தாள்.

பொன்னுவேல் சோலையின் முகத்தையே பார்த்தான். அந்தக் கன்னக்குழி, அந்தக் கோணல் பல். தினமும் காலையில் தன் வீட்டில் பார்க்கிற முகம். சட்டென்று திரும்பி, காப்பிச் செடிகளுக்குள் நடந்து மறைந்தான்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்ற மேல எனக்கு எத்தனை பொறாமை தெரியுமா?" என்றாள் ராசம்மாள்.

"எனக்கில்லையா? நீ அவ பல்லு முளைக்கறதப் பாத்தவ..." என்றாள் சோலை. "திங்கக்கெழமை திரும்பிப் போயிருவேன், ராசு. ஒருக்கா எட்ட நின்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வெயில் சாய்ந்த பிறகுதான் பொன்னுவேல் வந்தான். மேல்துண்டு நனைந்திருந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, ராசம்மா?"

"சொல்லியிருந்தா, அன்னிக்கு அவளை ஊட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்," என்றான் அவன். "அதான் புள்ளே எனக்கு இப்ப நெஞ்சு வலிக்குது. நீ திருடியாட்டம் பழி சுமந்து எனக்கொரு மவளைக் காப்பாத்திக் குடுத்திருக்கற. இல்லாத ஒருத்தனோட நான் மல்லுக்கட்டிக்கிட்டு..." துண்டால் முகத்தைத் துடைத்தான். "எம்மவ எம்மவதான். அதுல மாத்தமில்லை."

சோலையின் பக்கம் திரும்பினான். "எட்ட நின்னு எதுக்குங்க பாக்கோணும்? ஊட்டுக்கு வாங்க. அவளுக்கு நீங்க பெரியம்மா. மத்தது அவ வெவரம் தெரிஞ்சு கேக்கறப்ப நாங்களே சொல்றம்."

தலைச்சோலையில் இறங்கியதும் காளியாயி வாசலுக்கு வந்து, "யாருடா இது?" என்றாள். பொன்னுவேல் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்: "இவங்கதான் சோலை. ராசம்மாவோட கூட்டாளி. நல்லாப் பாத்துக்கம்மா. இனிமே எம்பொண்டாட்டியப் பத்தி இந்த ஊட்டுல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நான் இங்க இருக்க மாட்டேன்."

காளியாயி சோலையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானாகவே உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, மருமகள் கையில் முதலில் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். புது முகத்தைப் பார்த்து நின்றாள். "யாரும்மா இவங்க?"

"உன்ற பேருக்குச் சொந்தக்காரி, கண்ணு. உன்ற பெரியம்மா."

"இவங்க பேரும் சோலையா? அப்ப இவங்ககிட்ட இருந்துதான் எல்லாருக்கும் வந்துச்சா?" பெண் கன்னம் குழியச் சிரித்தாள். சோலை கை நீட்டவும் தைரியமில்லாமல் அப்படியே நின்று அழுதாள்.

ராசம்மாளின் நெஞ்சுக்குள் எரிச்சல் ஒருமுறை சுருக்கென்றது. எங்கே போய்விடும் அது, ஒரே நாளில்? கண்களைத் துடைத்துக்கொண்டாள். மகளின் முதுகில் கை வைத்து, மெதுவாக முன்னால் தள்ளினாள்.

"போ சாமி... பெரியம்மாகிட்டப் போ."