கயிற்றின் மறுமுனை

அந்த வீட்டில் நாங்கள் இருந்தது அறுபத்தோரு நாட்கள். மீன்பிடித் தடை தொடங்கிய அன்று குடிபோனோம். படகுகள் மறுபடி கடலுக்கு இறங்கிய அன்று காலி செய்தோம்.

கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என் கணவர் நுஃமான் விசைப்படகு மெக்கானிக். தடைக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றி எஞ்சினைப் பிரிப்பார்கள். பாம்பனில் வேலை குவிந்து கிடந்ததால் பக்கத்திலேயே, அக்காள்மடத்தில், வீட்டுக்கார அக்கா நூர் நிஷா லாத்தாவின் மாடியில் ஒரு அறை பிடித்தார். மேலே சிமெண்ட் ஷீட். சுவரில் உப்பு பூத்திருக்கும், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு வெள்ளையாகிவிடும். ஒரே பாய், ஒரே தலையணை, கைப்பிடி உடைந்த ஒரு சட்டி.

மாடிக் கோடியில் குளியலறை. அதன் தகரக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். தாழ்ப்பாள் துருப்பிடித்து உதிர்ந்துபோய், அந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. ஓட்டையில் ஒரு நீல நைலான் கயிறு. உள்ளே முடிச்சு, வெளியே நீளம். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் வெளியே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தால்தான் கதவு சாத்தியிருக்கும்.

மதியம் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். அவர் சாப்பிட வருவதும் அப்போதுதான். நான் உள்ளே போவேன். கயிறு இறுகும். சற்றுப் பொறுத்து, முடிச்சைப் பிடித்து ஒருமுறை இழுப்பேன். இருக்கிறீர்களா என்று அர்த்தம்.

வெளியிலிருந்து இரண்டு இழுப்பு வரும். இருக்கிறேன்.

ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் கூச்சக்காரி. மூன்று வருடம் இயற்பியல் படித்தும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் கயிற்றின் ஒரு முனையில் இருக்கும் இழுவிசை மறுமுனையிலும் இருக்கும் என்று தெரியும். என் கையில் உணர்ந்தது அவர் கையிலும் இருந்தது. புதிதாகக் கல்யாணமான எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

குளித்து முடித்து "விடுங்க" என்பேன். கயிறு தளரும். நான் வெளியே வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். பிறகுதான் படியேறி வருவார். ஈரத்தோடு வருகிற என் கூச்சத்துக்காக விலகிப் போகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

அது நடந்து மூன்று வருடம்.

இப்போது ராமநாதபுரத்தில் டைல்ஸ் போட்ட வீடு. எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உண்டு. அவர் வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நாங்கள் கடைசியாக எதற்குச் சிரித்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. நூர் நிஷா லாத்தாவின் மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அங்கே திரும்பிப் போனால் அந்த மனிதர் திரும்பக் கிடைப்பார் என்று நம்பினேன்.

"வேற எந்த வீடுன்னாலும் சொல்லு. அது வேணாம்" என்றார்.

"ஏன்?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எத்தனை முறை கேட்டும் அப்படித்தான்.

அதனால் என் உடுப்புகளை ஒரு பையில் எடுத்து வைத்தேன். மாட்டேன் என்றால் தொண்டி பஸ் ஏறி உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன முதல் விஷயம் அது. அவர் எழுந்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

அக்காள்மடம் நிறுத்தத்தில் இறங்கியபோது உச்சி வெயில். ரோட்டில் ஆளில்லை. கருவாட்டு வாடையும் சூடான தாரின் வாடையும் சேர்ந்து வந்தன.

"வாங்க, வாங்க" என்றார் நூர் நிஷா லாத்தா. "டைல்ஸ் வீட்ட விட்டுட்டு இந்தக் குருவிக்கூட்டுக்கு வாரேங்குது படிச்ச புள்ள. மாப்பிள்ள மூஞ்சியப் பாரு, கபர்ஸ்தானுக்குக் கூட்டிட்டு வந்த மாதிரில இருக்கு."

"தாப்பா போட்டீங்களா லாத்தா?" என்று கேட்டார் நுஃமான். வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

லாத்தாவின் முகம் மாறியது. "மூணு தடவ போட்டாச்சு. நிக்க மாட்டேங்குது. இங்கன உப்புக் காத்துல எதுதான் நிக்குது? ஒங்களுக்கப்புறம் ரெண்டு குடும்பம் வந்துச்சு. ஒரு வாரம்கூட இருக்கல."

சாவியை என்னிடம் நீட்டினார். எங்களோடு மேலே வரவில்லை.

அறை அப்படியே இருந்தது. உப்புச் சுவர், புகை படிந்த மூலை. நான் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நுஃமான் வாசலைத் தாண்டவில்லை.

குளியலறைக் கதவில் அந்த நீலக் கயிறு தொங்கியது.

வெயிலில் நிறம் வெளுத்திருந்தது. வெளிமுனை மட்டும் கறுத்து வழுவழுப்பாக இருந்தது, தினமும் கைபட்டதுபோல.

தொட்டேன். ஈரம்.

ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த மாடி. தரை காய்ந்து புழுதியாக இருந்தது. கடற்காற்றின் ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நைலான் அவ்வளவு ஈரத்தை உறிஞ்சாது என்று எனக்குத் தெரியும்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். குழாய் இருமியது. பிறகு தண்ணீர் வந்தது.

"தொழுகைக்கு ஒளு செஞ்சுட்டு வாரேன். கயிறப் பிடிங்க மச்சான்."

"கதவத் திறந்தே வச்சுக்க. நான்தான இருக்கேன்."

"ஒரே ஒரு தடவ. பழைய மாதிரி."

"சூஃபியா, அதத் தொடாத. வா, போயிருவோம்."

"நீங்க பிடிச்சாத்தான் நான் வெளிய வருவேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றேன். வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் வெளியே என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை.

கயிறு இறுகியது.

கதவு சட்டத்தோடு பொருந்தி நின்றது. எனக்கு அழுகை வந்தது. பிடித்துவிட்டார். முடிச்சைப் பிடித்து ஒருமுறை இழுத்தேன்.

இரண்டு இழுப்பு வந்தது.

அதே வேகம். அதே இடைவெளி. கையைக் கழுவினேன், முகத்தைக் கழுவினேன், கண்ணீரும் தண்ணீரும் ஒன்றாகப் போயின. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

குழாயை மூடினேன்.

அப்போதுதான் அவர் குரல் கேட்டது. கதவுக்கு வெளியே இல்லை. தலைக்கு மேலே இருந்த காற்று ஜன்னல் வழியாக, கீழே முற்றத்திலிருந்து.

"வீடு வேணாம் லாத்தா. அவ இப்ப எறங்கி வந்துருவா. அப்பவே ஒங்ககிட்ட சொன்னேன்ல, அந்தக் கயிற அறுத்து எரிச்சிருங்கன்னு?"

"எரிச்சேன் தம்பி" என்றார் லாத்தா. "ரெண்டு தடவ எரிச்சேன்."



"மச்சான்" என்று கூப்பிட்டேன். "நீங்க கீழயா இருக்கீங்க?"

"ஆமா. வீம்பு பண்ணுன, அதான் வேணாம்னு சொல்ல எறங்கி வந்தேன். சீக்கிரம் வா."

"அப்ப கயித்த யாரு பிடிச்சிருக்கா?"



கதவைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அசையவில்லை.

"விடுங்க" என்றேன். எப்போதும் இந்த ஒரு சொல்லுக்குத் தளரும்.

தளரவில்லை. இறுகியது. முடிச்சு ஓட்டைக்குள் நெரிந்து கிரீச்சிட்டது. தகரம் வெளிப்பக்கமாக வளைந்தது. கயிறு வழியாகத் தண்ணீர் உள்ளே சொட்டியது. நாக்கில் பட்டது, உப்பு.

நான் இழுக்கவில்லை. ஆனாலும் இரண்டு இழுப்பு வந்தது.

மறுபடி இரண்டு.

மறுபடி இரண்டு.

"மேல வாங்க மச்சான்!" என்று கத்தினேன். "வந்து நீங்க பிடிங்க. நீங்க பிடிச்சா அது விட்டுரும். அந்த அறுபத்தோரு நாளும் நீங்கதான பிடிச்சீங்க?"

லாத்தா ஏதோ ஓதத் தொடங்கினார். அதை மீறி, இன்னும் கீழேயிருந்தே, நுஃமானின் குரல் வந்தது. அவர் அழுது நான் கேட்டதில்லை.

"அப்பல்லாம் கயிற ரூம் ஜன்னல் கம்பில கட்டிட்டுக் கடைக்குப் போயிருவேன் புள்ள. திரும்பி வந்தா கட்டு அவுந்து கெடக்கும், நீ சிரிச்சுக்கிட்டு நிப்ப. நான் போட்ட முடிச்சு தானா அவுறாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ அப்பிடிச் சிரிக்கிறப்ப எப்பிடிச் சொல்லுவேன்?"

கயிறு இன்னும் ஒரு விரல் நீளம் வெளியே போனது.

"சூஃபியா, நான் ஒரு நாளும் அந்தக் கயிறப் பிடிச்சதில்ல."