யானையின் பின்கால்கள்

இடுப்புப் பெல்ட்டைப் பிடித்திருந்த கையில் ஒரு விரல் குறைவாக இருந்தது.

கிருபாராணி அதை முதலில் கண்டுகொள்ளவில்லை. யானைக்குள் இருக்கும்போது கண்டுகொள்ள வேறு எவ்வளவோ இருந்தன. துதிக்கைக்கு அடியில் வலை வைத்துத் தைத்த ஓட்டை வழியே தெரிந்த மேடையின் ஒரு துண்டு, ஸ்பாஞ்சில் ஊறிப்போன பழைய வியர்வையும் அதை மறைக்க அடித்த ரோஜா ஸ்பிரேயும் சேர்ந்து தொண்டையைக் கமற வைத்த நாற்றம், தலைக்கு மேல் சுற்றாமல் சும்மா தொங்கிய குட்டி ஃபேன், பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் "ஆனே, ஆனே" என்று கன்னடத்தில் எங்கோ தூரத்தில் கத்துவது. பாட்டின் இரண்டாவது சரணத்தில் யானை திரும்ப வேண்டும். அவள் நின்றாள். பின்னாலிருந்து ஒரு தட்டு விழுந்தது. திரும்பினாள். அப்போதுதான் உறைத்தது. பெல்ட்டுக்குள் நுழைந்திருந்த வலக்கையில் ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

பின்கால்களாக நடந்துகொண்டிருந்த மணிவேலுக்குப் பத்து விரலும் இருந்தன. காலையில்தான் அந்தக் கையால் அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்திருந்தான்.

விரல் இல்லாதவர் கங்கப்பன். கல்லாவி ஊர்க்காரர். ஓசூரில் ஏதோ ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினுக்கு ஆள்காட்டி விரலைக் கொடுத்துவிட்டு, அந்த வேலையும் போய், குருபரப்பள்ளி தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கும் இந்த அம்யூஸ்மென்ட் பார்க்குக்கு வந்து யானையின் பின்கால்களாகச் சேர்ந்தவர். பின்கால் என்றால் லேசான வேலை இல்லை. குனிந்த முதுகோடு, கண்ணுக்கு எதுவும் தெரியாமல், முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். உள்ளே பேசக் கூடாது. யானை பேசாது என்பது மேனேஜரின் சட்டம். அதனால் கையாலேயே பேசிக்கொண்டார்கள். ஒரு தட்டு என்றால் கால் ஊன்றிவிட்டேன், நட. பெல்ட்டைக் கீழே இழுத்தால் முடியவில்லை, வெளியே விடு.

வெளியே விடுவதுதான் அவர்கள் கையில் இல்லை. யானையின் முதுகில் போட்ட சிவப்புப் பட்டுத்துணிக்கு அடியில் கொக்கிகள் வரிசையாக இருந்தன, எல்லாம் வெளிப்பக்கம். வெளியே ஓர் ஆள் நின்று மாட்டிவிட வேண்டும், வெளியே ஓர் ஆள் நின்று கழற்றிவிட வேண்டும். முன்பு அதற்கென்று ஆள் இருந்தான். ஆளைக் குறைத்தபோது அவனைப் பாப்கார்ன் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். கொக்கியை மாட்டிவிட்டு அவன் ஓடிப்போவான். பாட்டு முடிந்து, பாப்கார்ன் கூட்டம் குறைந்த பிறகு வருவான்.

கோடை விடுமுறையில் ஷோக்களைக் கூட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம் கங்கப்பன் பெல்ட்டைக் கீழே இழுத்தார். கிருபாராணி நின்றுவிட்டாள். உள்ளிருந்து கத்தினாள். ஸ்பீக்கர் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. காதில் சொருகியிருந்த வாக்கி டாக்கி மைக்கில் சொன்னதற்கு ஒயரில் மேனேஜர் கமலக்கண்ணனின் குரல்தான் வந்தது. "பாட்டு முடியட்டும். நடுவுல நின்னா நல்லாருக்காது." கை இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு தொங்கியது. பாட்டு முடிந்தது. பாப்கார்ன் கூட்டமும் குறைந்தது.

கங்கப்பன் இடைவேளையில் வெளியே போனார், வெயிலில் மயங்கி விழுந்து செத்தார் என்று ஆபீஸில் சொன்னார்கள். அவர் மனைவி வெங்கடம்மாளிடமும் அதையே சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே அந்த அம்மாள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள், உள்ளே விடவில்லை. யானைக்குள் அவரோடு இருந்தது கிருபாராணி ஒருத்திதான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று அந்தக் கோபத்தை அவள் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தாள். அது சோற்றையே இறங்க விடவில்லை.

யானையையாவது எரித்தார்களா? இல்லை. டெட்டால் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுவாரமே மணிவேலைக் கொண்டுவந்து பின்னால் நுழைத்தார்கள். குனியத் தெரியாத பையன், தாளத்துக்குக் கால் வராது. ஆனால் முதல் ஷோவிலேயே யானை அசல் யானையாக நடந்தது. பின்கால் முன்காலைத் தேடி வந்து விழுந்தது. கடைசியில் குனிந்து வணக்கம் வைத்தபோது வால் ரெண்டு சுற்றுச் சுற்றியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாலைச் சுற்றும் அந்தக் குறும்பு கங்கப்பன் கண்டுபிடித்தது. அதற்காக உள்ளே கட்டியிருந்த கயிறு, அவரை வெளியே இழுத்துப் போட்டபோதே அறுந்துவிட்டது. யாரும் அதை மறுபடி கட்டவில்லை.

கமலக்கண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவன் முன்பு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷோவையும் அப்படியே பேசுவான்: டார்கெட், அவுட்புட், ரிஜெக்ஷன். வெயிலில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் தரம், தரம் என்று ஓதுவான். செல்போனில் வந்த பாராட்டுகளைப் படித்துக் காட்டினான். யானை தத்ரூபம் என்று எழுதியிருந்தார்களாம். முதலாளியிடம் கன்னடத்தில் போனில் பேசும்போது, ஆளைக் குறைத்தும் தரத்தைக் கூட்டியிருக்கிறேன் என்று அவன் சொன்னது கிருபாராணி காதிலேயே விழுந்தது. செருப்பைக் கழற்றலாமா என்றிருந்தது அவளுக்கு.

விரல் குறைந்த கையை அவள் உணர்ந்த அன்று, ஷோ முடிந்ததும் மணிவேல் மேடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, பின்னாடி இன்னொரு ஆள் இருக்கறான்க்கா," என்றான். "என் முதுவு மேல கவுந்து படுத்துனு, என் கை மேல கை வெச்சு உங்க பெல்ட்டப் புடிக்கறான். எடுக்கப் பாத்தா எடுக்க முடியல."

"மூச்சு விடறது கேக்குதா?"

"அதான்க்கா சொல்றன். மூச்சே இல்ல."

மணிவேல் ஈரத் தலையோடு குந்தாரப்பள்ளிப் பஸ்ஸில் ஏறியவன்தான். திரும்பி வரவில்லை.

அவளும் போயிருக்கலாம். ஓசூரில் ஏதாவது லைனில் நின்று ஸ்குரூ முடுக்கிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் வெங்கடம்மாள் எங்கெங்கோ மனு கொடுத்து, கடைசியில் ஓர் அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று சேதி வந்துவிட்டது. கொக்கியைக் கழற்றிய பாப்கார்ன்காரன் வேலைக்குப் பயந்தவன்; கங்கப்பன் இந்த யானைக்குள்தான் செத்தார் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போவது என்று கிருபாராணி முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும்.

அதிகாரி ஒரு பெண்மணி. மத்தியான ஷோவுக்கு வந்து, முன் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். அந்த டிரஸ்ஸுக்குள் காற்று வருமா என்று கேட்டார். கிருபாராணி வாயைத் திறப்பதற்குள் கமலக்கண்ணன் முந்திக்கொண்டான்.

"இதுல என்ன மேடம் இருக்குது? இன்னிக்குப் பின்னாடி ஆள் வேற வரல. நானே போட்டுக் காட்டறன்."

சட்டை மடிப்புக் கலையாமல் சிரித்துக்கொண்டே வந்தான். பாட்டுப் போடும் ரேவதியிடம் வாக்கி டாக்கியைக் கொடுத்து, என்ன ஆனாலும் நடுவில் நிறுத்தக் கூடாது, மேடம் முழுசாகப் பார்க்கணும் என்றான். கிருபாராணியிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினான். "வெளிய வந்ததும் நான் பேசிக்கறன். நீ வாயத் தொறக்காத."

உள்ளே போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டுக்கு வெளியே புழுதியில் உட்கார்ந்திருந்த வெங்கடம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. கிருபாராணி முன்கால்களுக்குள் இறங்கினாள்.

கமலக்கண்ணன் பின்னால் நுழைந்து குனிந்து பெல்ட்டைப் பிடித்தான். மெத்தென்ற கை. மோதிரம் இடுப்பில் குத்தியது. வெளியே பாப்கார்ன்காரன் கொக்கிகளை மாட்டும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வெளிச்சம் சுருங்கி வலை ஓட்டைக்குள் போயிற்று. பாப்கார்ன்காரன் ஓடும் செருப்புச் சத்தம் தேய்ந்தது. ரோஜா ஸ்பிரே, டெட்டால், அவனுடைய சென்ட், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. மெஷின் எண்ணெயும் பீடியும் கலந்த வாசனை. கங்கப்பன் வேலைக்கு வரும் சட்டையின் வாசனை.

பாட்டு தொடங்கியது.

முதல் அடிகளில் அவன் தடுமாறினான். குதிகாலை மிதித்தான், முனகினான். பிறகு முனகல் நின்றது. பின்கால் முன்காலைத் தேடி வந்து விழத் தொடங்கியது. வெளியே பிள்ளைகள் கத்தினார்கள். ஆனே, ஆனே.

"யாரு?" என்றான் கமலக்கண்ணன் உள்ளே. யானை பேசாது என்று சொன்னவன். "ஏய், யாரது? முதுவு மேல யாரு?"

அவள் தாளத்துக்கு அடுத்த அடியை வைத்தாள்.

இரண்டாவது சரணம். அவள் நின்றாள். பெல்ட் கீழே இழுபட்டது. மோதிரக் கை. இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. அந்த ஜாடையை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. யானைக்குள் போனவர்கள் எல்லோருக்கும் அது தானாக வந்துவிடும் போலிருந்தது.

பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதே பயமாக இருந்தது. பயந்துதான் கத்தினாள். "தொறங்க! யாராச்சும் வந்து தொறங்க!" ஸ்பீக்கர் அதை விழுங்கியது. காதோடு இருந்த மைக்கில் கத்தினாள். பாட்டை நிறுத்து ரேவதி, சாருக்கு முடியவில்லை.

ஒயரில் கரகரப்பு. பிறகு ரேவதியின் குரல், தயக்கமாக.

"அக்கா, என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாதுன்னு சார் சொல்லிட்டுப் போயிருக்காரு."

இழுப்பு மெலிந்தது. இடுப்பில் ஒரு தட்டு. நட.

நடக்க மாட்டேன் என்று நின்றாள். பின்னாலிருந்து தள்ளியது. முரட்டுத்தனமாக இல்லை. வேலை தெரிந்த ஆளின் தள்ளல். கால் தானாக எழுந்தது. வலை ஓட்டையில் அதிகாரியின் முகம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கை தட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மோதிரக் கை இப்போது இழுக்கவில்லை. பெல்ட்டிலேயே இருந்தது. அதன்மேல் இன்னொரு கை. நான்கு விரல்.

பாட்டு முடிந்தது. யானை வணங்கியது. பிள்ளைகளின் சிரிப்பு.

பாப்கார்ன்காரன் வந்தபோது கத்திக் கத்தி அவளுக்குக் குரல் போயிருந்தது. வால் பக்கத்திலிருந்து கொக்கிகளைக் கழற்றினான். கழற்றிக்கொண்டே வந்தவன் பாதி முதுகில் நிறுத்திவிட்டு ஐயோ என்றான். யார் யாரோ ஓடி வந்தார்கள். இழுத்து மேடையில் கிடத்தினார்கள். வலை வழியே அவளுக்குத் தெரிந்தது. கமலக்கண்ணனின் கண் திறந்திருந்தது. சட்டை மடிப்பு கலைந்திருந்தது. அதிகாரி மேடைக்கு ஏறி வந்து, குனிந்து மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். பிறகு அவன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். புறங்கையில் விரல் தடங்கள் பதிந்து சிவந்திருந்தன. நான்கு.

"இதுக்குள்ளதான் மேடம்," என்றாள் கிருபாராணி, போன குரலில். "கங்கப்பனும் இதுக்குள்ளதான் செத்தாரு."

அதிகாரி நிமிர்ந்தார். யானையின் முகத்தைப் பார்த்தார். வலைக்குள் அவள் கண்களைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கேயே நின்றது. ஓர் அடி பின்னால் வைத்தார். பாப்கார்ன்காரன் மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

முன்கால்களுக்குள் நிற்பவளால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்பில் தெரிந்ததுதான். இறங்கிக் கிடந்த யானையின் பின்பாதி மெல்ல எடை கூடி, குனிந்து, நிமிர்ந்தது. பெல்ட்டுக்குள் ஒரு கை நுழைந்தது.

கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு மேடையில் கிடந்தது எதுவும் தெரியவில்லை. வால் சுற்றுவது மட்டும் தெரிந்தது. அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இடுப்பில் ஒரு தட்டு விழுந்தது.