உண்ணத் தக்கது

கூண்டு விழுந்து இருபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் நிறைமதி கம்பியில் முதுகைச் சாய்த்தபடி, எதிரே ஒளிர்ந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரத்தத்தில் மிச்சமிருக்கும் நோவடக்கி முறிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டும் எண். அது பூச்சியமாகும் வரை முகர்காவலி திறக்காது.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அப்படி நூறு முகர்காவலிகள் நான்கு கால்களில் திரிந்தன. வலிக்கு ஊசி போட்ட மாடு செத்துப்போக, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு முடிவுகட்ட நிறைமதி உருவாக்கிய இயந்திரம் இது. மருந்து ஏறிய உடலை மோப்பம் பிடித்துக் கூண்டு போடும். மருந்து முறிந்ததும் திறந்துவிட்டு, சீழ்க்கையடித்துக் கழுகுகளைச் சாப்பிடக் கூப்பிடும்.

உள்ளே இருப்பதற்கு உயிர் இருக்கிறதா என்று அது பார்க்காது. முதலில் பார்க்கும்படிதான் செய்திருந்தார். ஆட்கள் என்ன செய்தார்கள்? ஊசி போட்ட மாட்டை உயிரோடு காட்டுக்குள் விரட்டிவிட்டார்கள். அது எங்கோ போய்ச் செத்தது, கழுகுகளும் செத்தன. அதனால் அந்தச் சோதனையை நிறைமதியே பிடுங்கி எறிந்தார். சிபாரிசுக்காரர்களின் தொல்லை பொறுக்காமல், வெளியிலிருந்து திறக்கும் வழியையும் அடைத்துவிட்டார். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றார்கள்?

நேற்று இந்தக் காவலியைப் பழுதுபார்க்க வந்தபோது கால் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பையில் இரண்டு ஊசிகள் இருந்தன, அன்று காலை பொம்மியின் மாட்டுப்பட்டியில் பறிமுதல் செய்தவை. ஊசியைத் தடுக்கும் சட்டம் மாட்டுக்குத்தானே என்று ஒன்றைப் போட்டுக்கொண்டார். அரை நிமிடத்தில் காவலி அவர் பக்கம் திரும்பியது.

ஆற்றில் வெள்ளம் பாலத்துக்கு மேல் போனது. "தண்ணி வடிஞ்சாத்தான் மேடம் வர முடியும்" என்றார்கள் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில். "வந்தாலும் வெட்ட முடியாது. வெட்டவே முடியாத உலோகமா வேணும்னு நீங்கதானே எழுதிக் கேட்டீங்க?"

ஆற்றின் இந்தக் கரையில் இருந்த ஒரே மனுஷி பொம்மிதான். கம்பி இடுக்கு வழியாகக் கஞ்சி கொடுத்தாள். மூங்கிலைப் பிளந்து காலுக்குக் கட்டச் சொல்லி நீட்டினாள். இப்போதும் வெளியே குந்தியிருந்தாள்.

"வலி தாங்காட்டி இன்னொண்ணு போட்டுக்குங்க டாக்டரம்மா. பையில இருக்குதுங்களே."

"போட்டா மறுபடி முப்பது மணி நேரம், பொம்மி. இன்னும் கொஞ்ச நேரம்தான். பல்லைக் கடிச்சிட்டு இருந்துடுவேன்."

"போன மாசம் எஞ்செவலை மாடும் இப்பிடித்தானுங்க காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. மூணு நாள் கத்துச்சு. ஒரே ஒரு ஊசிக்கு உங்ககிட்ட வந்து நின்னேன். வலி பழகிரும்னு சொன்னீங்க."

நிறைமதி யோசித்துப் பார்த்தார். பொம்மி வந்து நின்றது நினைவுக்கே வரவில்லை. கால்வலியைவிட அதுதான் அவரை அதிகம் சுட்டது.

எண் பூச்சியமானது. கம்பிகள் மேலே போயின. காவலி பேசியது. அதற்குக் குரல் கொடுத்திருந்தவரும் நிறைமதிதான்.

"மருந்து இல்லை. உண்ணத் தக்கது."

பிறகு நீளமாகச் சீழ்க்கையடித்தது.

வானத்தில் முதலில் ஒன்று தெரிந்தது. பிறகு எண்ண முடியவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. மொத்தம் நாற்பத்துமூன்று. ஒவ்வொன்றையும் முட்டையிலிருந்து எடுத்து, தன் கையால் ஊட்டி வளர்த்தவர் அவர். அதனால் மனிதர்களைக் கண்டால் அவற்றுக்குத் துளியும் பயம் கிடையாது. மூன்று வாரமாக மழை, இரையே இல்லை. இறக்கையை மடக்கிக்கொண்டு சுற்றிலும் வந்து நின்றன.

பொம்மி அவருடைய அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். உடைந்த எலும்பு உள்ளே நகர்ந்தது. நிறைமதி போட்ட சத்தத்தில் பொம்மி பயந்து கையை விட்டுவிட்டாள். முன்னால் நின்ற கழுகு தத்தித் தத்தி வந்து, இரத்தம் ஊறிய கட்டுத்துணியைக் கொத்தி இழுத்தது.

"கம்பால அடி பொம்மி! விரட்டு!"

பொம்மி கம்பை ஓங்கினாள். காவலியின் கண் அவள் பக்கம் திரும்பியது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"கழுகு மேல கை வெச்சா ஏழு வருசமுங்க. எம்புருசன் இன்னும் உள்ளதான் இருக்காரு."

அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தது யார் என்று இருவருக்கும் தெரியும். பொம்மி சேலைத் தலைப்பை வீசினாள், கத்தினாள், கைதட்டினாள். அவை இரண்டடி பின்வாங்கி மூன்றடி முன்னே வந்தன. இரண்டாவது கழுகு கட்டுக்குள் அலகை விட்டது.

நிறைமதி பைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஊசியைத் தொடையில் குத்தி அழுத்தினார்.

"பொம்மி, தள்ளிப் போ. சீக்கிரம்!"

பொம்மி தாவி விலகவும் கூண்டு விழவும் சரியாக இருந்தது. காவலியின் எச்சரிக்கை மணி கேட்டதும் கழுகுகள் கலைந்தன. நஞ்சைக் கண்டால் விலக அவர் சொல்லிக்கொடுத்த பாடம், பிள்ளைகள் மறக்கவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, மறுபடியும் உள்ளயே போயிட்டீங்களே" என்று பொம்மி அழுதாள்.

வலி மெல்ல இறங்கியது. அந்தச் சுகம் இவ்வளவு பெரியது என்று நிறைமதிக்கு இப்போதுதான் புரிந்தது. பொம்மியின் செவலைக்கு இதைத்தான் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

கழுகுகள் எதிரே இருந்த மருதமரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. ஆறு இன்னும் இரைந்துகொண்டிருந்தது. கூண்டின் எண் முப்பது மணி நேரத்திலிருந்து குறையத் தொடங்கியது. பையில் இனி ஊசி இல்லை.