முதலில் பதிந்தவர்

அடித்தள அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கதவை ஒட்டிய நாற்காலியில் மேலாளர் அம்மா. கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டியின் மேல் கேபிள்காரர். இரும்பு அடுக்கிலிருந்த சர்வருக்கு முன்னால், முதுகு வலிக்க, கணினிக்காரர். திரையில் மட்டும் நான்காவதாக ஒருவர் இருந்தார்.

காலையில்தான் கணினிக்காரர் வெற்று வன்தட்டில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, நிறுவனத்தின் செயலிகளெல்லாம் நம்பி நிற்கப்போகும் புதிய தளத்தை அதன்மேல் நிறுவியிருந்தார். பயனர் கணக்குகள், அஞ்சல், இந்த அறையின் கைரேகைப் பூட்டு எல்லாம் இனி அதன் கையில். நிறுவி முடிந்ததும் யார் முதலில் கணக்குத் தொடங்குகிறாரோ அவரே நிர்வாகி. அதைச் செய்யாமல் முகம் கழுவப் போய்விட்டார். திரும்பி வந்தபோது நிர்வாகி ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பெயருக்கான இடம் காலி.

வெளியிலிருந்து யாரும் நுழைந்திருக்க வழியில்லை. நெட்வொர்க் கேபிளையே அதற்குப் பிறகுதான் செருகினார்கள். யாராவது தொட்டீர்களா என்று கேட்டதற்கு இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"பேய்கூட இப்பல்லாம் கணக்குத் தொடங்கித்தான் வருது போல, சார்," என்றார் கேபிள்காரர்.

மேலாளர் அம்மா சிரிக்காமல் அவரை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். விரல் வைத்ததும் பச்சை விளக்கு. கதவு சாத்திக்கொண்டது.

கணினிக்காரர் தளத்தை முழுக்க அழித்தார். அழித்துவிட்டால் பூட்டு எல்லோருக்கும் திறக்கும் என்பதுதான் ஏற்பாடு, அதனால் பதற்றமில்லை. அப்பா வந்து ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று மகள் அடம்பிடிப்பதாக, முகம் கழுவப் போனபோது மனைவி போனில் சொல்லியிருந்தாள். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மறுபடி நிறுவத் தொடங்கினார். சூடேறிய தூசியும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, ஏசியின் உறுமல், விசிறிகளின் இரைச்சல், அதற்கெல்லாம் அடியில் ஏதோ ஒரு விசிறி தேய்ந்துபோனதுபோல மெதுவாக வந்து வந்து போகும் இன்னொரு சத்தம்.

திரை எழுந்தது. நிர்வாகி இருந்தார். கீழே, கணினிக்காரர் சேர்க்காமலே, அவருடைய பெயர். அனுமதி: இல்லை.

கதவுக்குப் போய் விரல் வைத்தார். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. இரும்புக் கதவு, தட்டியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை.

பூட்டு விடுபடும் என்று சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்குகள் போயின. ஏசி அடங்கியது. சர்வரும் அதோடு சேர்ந்த பூட்டும் மட்டும் பேட்டரியில் ஓடின. அப்போதுதான் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. விசிறிகள் சீராகச் சுழன்றுகொண்டிருந்தன. இது மூச்சைப்போல இழுத்தது. நின்றது. விட்டது.

திரையில் அஞ்சல் பக்கம் திறந்தது. சோதனை அஞ்சலுக்காக அவர் கொடுத்து வைத்திருந்த மனைவியின் முகவரி. அதன் கீழே, அவர் மட்டுமே அவளைக் கூப்பிடும் விதத்தில், எழுத்து எழுத்தாக:

"குட்டிம்மா, வேலை முடியல. சாப்பாட்டை எடுத்துக்கிட்டு பாப்பாவோட இங்கயே வந்துடு. கீழ்த்தளம். கதவு உனக்குத் திறக்கும்."

பட்டியலில் புதிதாக இரண்டு பெயர்கள். அவள். பாப்பா. அனுமதி: உள்ளே வர மட்டும்.

கேபிள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் அஞ்சல் போகாது. அடுக்கின் பின்னால் தோள்வரை கையை விட்டார். சூடான இரும்பு. கம்பிகள். முனை.

முனையின் மேல் விரல்கள் இருந்தன. குளிர்ந்த விரல்கள். கழன்றுவிடாதபடி அழுத்திப் பிடித்திருந்தன. ஒன்று மட்டும் விலகி, அவருடைய மணிக்கட்டில் வந்து படிந்தது.

திரையில் அஞ்சல் உறையின் படம் மூடிக்கொண்டது. அனுப்பப்பட்டது.