ஆமை கையில் ஸ்டாப் வாட்ச்

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு ஆமை என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. மெதுவாக நடப்பாள், மெதுவாக எழுதுவாள், ஒன்று கேட்டால் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். இதெல்லாம் ஒரு குற்றமா? ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

அதனால்தான் இயற்பியல் டீச்சர் ஆய்வகத்தில் ஸ்டாப் வாட்ச்சை எடுத்து, "இதுக்கு நிதானமான கை வேணும், நீ பிடி" என்று கொடுத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெதுவாக இருப்பதற்காக அவளுக்கு ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சோதனை எளிதானது. ஒரு மீட்டர் நூலில் இரும்புக் குண்டு தொங்கும். அதற்கு ஊசல் என்று பெயர். குண்டை லேசாக இழுத்து விட்டால் போய்த் திரும்பி வரும். போய் வந்தால் ஓர் ஆட்டம். இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

அவள் மேசையில் குண்டை விடுவதும் எண்ணுவதும் எக்ஸ்பிரஸின் வேலை. அவன்தான் வகுப்பில் முதல் மாணவன். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலோடு எழுந்து நிற்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மற்ற மேசைகளில் எல்லாம் நாற்பது விநாடி வந்தது. இவர்கள் மேசையில் முப்பத்தெட்டு. மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் முப்பத்தெட்டு. நூலை அளந்து பார்த்தார்கள். சரியாக ஒரு மீட்டர் இருந்தது.

"ஆமை கையில வாட்ச்சைக் குடுத்தா இப்படித்தான்," என்றான் எக்ஸ்பிரஸ். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, நாமும் நாற்பது என்றே எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றான்.

ஆமை யோசித்தாள். "வராததை வந்துச்சுன்னு எப்படி எழுதுறது?"

அவன் முகம் சுருங்கிப்போனது. சனிக்கிழமை பெற்றோர் முன்னால் செய்துகாட்ட வேண்டுமே என்ற கவலை அவனுக்கு. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, தப்பு எங்கே என்று நாளைக்குள் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கும் இதே கதை என்றால் வாட்ச் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் கறாராகச் சொல்லிவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அழுத்தும்போது தாமதமாகிறதோ? ஆனால் தொடங்கும்போது தாமதம் என்றால் நிறுத்தும்போதும் அதே தாமதம்தானே? இரண்டும் சரியாகப் போயிருக்குமே. மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மாலையில் தம்பியைப் பூங்காவுக்கு அழைத்துப்போவது அவள் வேலை. ஆளுக்குப் பத்து ஆட்டம் என்பது ஊஞ்சலில் அவர்களின் ஒப்பந்தம். அவள் "ஒன்னு" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். "பத்து" என்றதும் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒன்னு குறையுது," என்றான் தம்பி.

இது தினமும் பாடுகிற பாட்டுதான். தினமும் அவள் காதில் போட்டுக்கொள்ளாததும்தான். இன்று மட்டும், முப்பத்தெட்டு மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்ததால், "எப்படிடா குறையும்?" என்று கேட்டாள்.

"நீ தள்ளும்போதே ஒன்னுன்னு சொல்லிடுற. நான் இன்னும் போகவே இல்லையே அக்கா. திரும்பி வந்தாத்தானே ஒன்னு?"

அவள் அவனை மீண்டும் தள்ளிவிட்டாள். போனான், வந்தான். இப்போதுதான் ஒன்று! அப்படியானால் எக்ஸ்பிரஸ்? குண்டைக் கை விடும்போதே அவன் வாய் "ஒன்னு" என்று சொல்லிவிடுகிறதே. அவன் எண்ணுவது இருபது, குண்டு ஆடுவது பத்தொன்பது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு விநாடி. குறைந்ததும் இரண்டு விநாடி!

யோசித்துக்கொண்டே நின்றவளை ஊஞ்சல் திரும்பி வந்து மணலில் தள்ளியது. "ஆமை கவுந்துடுச்சு," என்று தம்பி கைதட்டினான். விழுந்து கிடந்தபடியே அவளும் சிரித்தாள்.

மறுநாள் எக்ஸ்பிரஸ் வாட்ச்சுக்காகக் கையை நீட்டினான். அவன் செய்த தப்பை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்திருக்கலாம். நேற்று சிரித்தவர்கள் இன்று அவனைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவளுக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை. குண்டை விடும்போது பூஜ்யம்னு சொல்லு. அது இன்னும் ஒரு தடவைகூட ஆடலையே."

எக்ஸ்பிரஸ் கெட்டிக்காரன். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குண்டைப் பிடித்தான். "பூஜ்யம்." கட்டைவிரல் அழுத்தியது. "இருபது." மறுபடியும் அழுத்தியது. வாட்ச்சில் நாற்பது.

டீச்சர் வந்து, நேற்று என்ன ஆனது என்று கேட்டார்.

"எண்ணுறதுல ஒரு தப்பு பண்ணிட்டோம் டீச்சர்," என்றாள் ஆமை.

எக்ஸ்பிரஸ் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினான். "பண்ணிட்டோம் இல்ல டீச்சர். பண்ணினது நான். கண்டுபிடிச்சது இவ."

அந்தத் தப்பையும் சேர்த்தே சனிக்கிழமை விளக்க வேண்டும், அதுதான் நல்ல பாடம் என்றார் டீச்சர். அப்படியே விளக்கினார்கள். பேருந்து ஓட்டும் ஆமையின் அம்மா வண்டியை நிறுத்திய கையோடு சீருடையிலேயே ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம், "வாட்ச் வச்சிருக்கா பாருங்க, அவ என் பொண்ணு," என்றாள். அது மேடைவரை கேட்டது. ஆமைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் கட்டைவிரல் அசையவில்லை.

தம்பிக்கு மட்டும் ஒரு வழக்கு பாக்கி இருந்தது. உண்மையில் கண்டுபிடித்தது அவனாம். இத்தனை நாளாகக் குறைந்த ஆட்டமெல்லாம் என்ன கணக்கு என்று வாசலிலேயே மடக்கினான்.

நியாயமான கேள்விதான். அன்று மாலை அவன் போதும் போதும் என்று சொல்லும்வரை அக்கா ஊஞ்சலைத் தள்ளினாள். எண்ணவே இல்லை.