மச்சான் பிடித்த கயிறு

ஆபரேஷனில் மண்டையோட்டு எலும்பை எடுத்திருந்த பக்கத்தில் ஜாக்சனின் தலைத்தோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கட்டிலருகே கூவிய இயந்திரத்தின் நாடிச் சத்தத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்பதை, மருந்து நெடியும் ஜன்னல் வழியே வந்த உப்பளக் காற்றும் கலந்த அந்த மதிய வெளிச்சத்தில், இஞ்ஞாசி மட்டும் பார்த்தான்.

சங்கு குளிப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கவேண்டும். கூடப் பிறந்தவள் தாலியை எவனும் கடலில் விடமாட்டான் என்பது அந்தக் கடற்கரையின் நம்பிக்கை. முந்தாநாள் ஜாக்சன் கடலடியில் இருக்க, இஞ்ஞாசி வள்ளத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். செவலை ஜோடி முந்துகிற நேரம் பார்த்து, மேலே இழுக்கச் சொல்லிக் கயிறு துடித்தது. ஜோடி முந்தி முடிக்கட்டும் என்றிருந்துவிட்டுப் பதறி இழுத்ததில், ஜாக்சனின் தலை வள்ளத்து அடிப்பலகையில் மோதியது. கால் மணி நேரம் மயக்கம். கண் விழித்தவனைச் சாயங்காலம் தோளில் சாய்த்துக் கொண்டுபோய், “ஏளா, குடிச்சிருக்கான். தூங்கட்டும்” என்று தங்கை எமில்டாவிடம் விட்டான்.

விடிந்தும் ஜாக்சன் எழவில்லை.

“மூளையில காவலுக்குன்னே செல் இருக்கு, அண்ணாச்சி” என்றார் டாக்டர் ருமைஸா. “அடிபட்டா முழிச்சு ஒண்ணையொண்ணு கூப்பிடும். கூப்பிடக் கூப்பிட வீக்கம். அடி நின்னாலும் அதுக நிறுத்தாது. எப்ப அடிபட்டுச்சு, மயங்குனாரா, சரியாத் தெரிஞ்சாதான் அடுத்து என்ன செய்யலாம்னு பாக்க முடியும்.”

“கூப்பிடுமா?”

“நமக்குக் கேக்காது.”

இஞ்ஞாசிக்குக் கேட்டது. முதலில் சங்குக்குள் இரைவதுபோல. பிறகு ஆயிரம் சின்ன வாய்கள். ஒரே சொல். மச்சான்.

“சொல்லுண்ணே” என்றாள் எமில்டா. “பொங்கலுக்குக்கூட ஒரு சொட்டுத் தொடாத மனுசன். நீ சொன்னன்னு நம்பி, போர்வையப் போத்திவிட்டேன்.”

இஞ்ஞாசி தரையைப் பார்த்தான். சொல்லிவிட்டால் மச்சான் பிழைக்கலாம். தங்கை இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டாள்.

“தெரியாது டாக்டர். நான் பாக்கல.”

இரைச்சல் நின்றது. தோலின் துடிப்பும்.

டாக்டர் குறிப்பெழுதக் குனிந்தார். எமில்டா முந்தானையில் முகம் புதைத்தாள்.

ஜாக்சனின் தலைத்தோல் உப்பியது.

உள்ளிருந்து ஒரு விரல்நுனி. இரண்டு. மூன்று.

ஐந்தோடு நிற்கும் என்று இஞ்ஞாசி நினைத்தான்.

ஆறாவதும் வந்தது.

அத்தனையும் தோலை இழுத்துக்கொண்டு, விட்ட கயிற்றைத் தேடுவதுபோல அவன் பக்கமாக நீண்டன.