கழித்து வார்த்த பலகை

காலை மணி அடித்ததும் மேற்குடி ஊர் மொத்தமும் மலையிலிருந்து சறுக்கி இறங்கியது. தினமும் அப்படித்தான். பல் டாக்டர், வங்கி மேலாளர், இட்லிக்கடை அம்மாள், கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவர்கள் என்று எல்லோரும் காலில் ஒரு பலகையைப் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்றபடி, பனிச்சரிவில் கீழ்த்துறைக்கு வழுக்கிப் போனார்கள். சாயங்காலம் காற்றாலை சுற்றும் இழுவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார்கள்.

வெண்பரல் என்ற அந்தக் கோளில் வேறு வழி கிடையாது. மோட்டார் வைத்த எது ஓடினாலும் அதன் அதிர்வில் மலைப்பனி சரிந்து ஊரை மூடிவிடும். முதலில் குடியேறிய கொங்குநாட்டுக் குடும்பங்கள் ஒரு தெருவையே பறிகொடுத்த பிறகுதான் வண்டிகளைக் கைவிட்டார்கள். அதற்குமுன் அவர்கள் பனியைக் கண்டது குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டும்தான்.

பத்து வயதுவரை பிள்ளைகள் அம்மா அப்பாவின் முதுகுப்பையில் இறங்குவார்கள். பத்து முடிந்தால் சொந்தப் பலகை. அதை வார்த்துக் கொடுப்பது வார்ப்பி என்ற இயந்திரம். வார்ப்பதற்கான கருநார் என்ற இழைக்குப் பெரும் பஞ்சம் என்பதால் ஆளுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு பலகைதான். மூன்று வருடத்தில் பிள்ளை எவ்வளவு வளரும்! இந்த ஊரின் வயிற்றெரிச்சலெல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பலகை விஷயத்தில் விளையாட முடியாது. ஆளின் எடைக்கு மிஞ்சிய நீளம் இருந்தால் பலகை நேர்ப்பாதையில் கப்பல்போல் அசையாமல் போகும். ஆனால் வளைவு வந்தால் திரும்பாது. நீளம் குறைந்தால் சட்டென்று திரும்பும். வேகம் எடுத்தால் நடுங்கும், புதுப்பனியில் மூக்குக் குத்தும். நடு இடுப்பு அகலமாக இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பதற்குள் விடிந்துவிடும். குறுகலாக இருந்தாலோ பூட்ஸ் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சாயும்போது பனியில் உரசி ஆளையே தூக்கி எறியும். எடை, பாத நீளம், உயரம் மூன்றும் தெரிந்தால் வார்ப்பி மற்றதைக் கணக்குப் போட்டுவிடும். ஆனால் பிள்ளையின் உடம்பை இயந்திரம் அளக்கக் கூடாது என்பது ஊர்ச்சட்டம். பெற்றவர்கள் வாயால் சொல்வதுதான் அளவு.

பெற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். கூட்டித்தான் சொன்னார்கள்.

போன வருடம் பவளத்தின் மகள் தேன்மொழி அப்படி ஒரு நெட்டைப் பலகையில் இறங்கினாள். சரிவின் பாதியில் கொண்டைவளைவு இருக்கிறது. பிள்ளை உடம்பை முறுக்கித் திருப்பப் பார்த்தது, பலகை திரும்பவில்லை. நேரே பள்ளத்துக்குள் போய் விழுந்தவள் இன்னும் கீழ்த்துறை ஆஸ்பத்திரியில் படுத்தபடிதான் இருக்கிறாள்.

பவளத்தின் அடுத்த வீட்டுக்காரி வடிவுக்கு அன்றைக்குப் பிடித்த நடுக்கம் நிற்கவே இல்லை. அவளுடைய ஒரே மகள் இழையினிக்கு இந்த வருடம் பத்து.

"ரெண்டு விரக்கடையாச்சும் கூட்டிச் சொல்லு புள்ள," என்றான் அவள் கணவன் தெய்வசிகாமணி. "அடுத்த வருசமே காலுக்குப் பத்தாம போயிரும். அப்பறம் யார்கிட்டப் போயி நிக்கறது?"

"வாய மூடுங்க மாமா. தேனு எப்படிக் கெடக்கறான்னு பாத்துட்டுத்தானே வந்தீங்க? என்ற புள்ளைக்கு என்ன அளவோ அதத்தான் சொல்லுவேன்."

"ஊரே கூட்டித்தான சொல்லுது?"

"ஊரு நாசமாப் போவட்டும்!"

அவள் மகளைச் சுவரோடு குதிகால் ஒட்ட நிற்கவைத்துப் பாதத்தை அளந்தாள். சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தாள். வார்ப்பிக்கூடத்தில் போய் அதை அப்படியே சொன்னாள்.

"இது உண்மையான அளவுதானா?" என்று கேட்டது வார்ப்பி.

"என்ற புள்ள மேல சத்தியமா."

பலகை வந்தது. பார்த்ததும் தெய்வசிகாமணி முகத்தைச் சுளித்தான். "என்ன வடிவு, முறுக்குப் புழியற பலகையாட்டம் இருக்குது?" இழையினி ஏறி நின்று பார்த்தாள். பூட்ஸ் முனை இரண்டும் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தன. வடிவும் குனிந்து அதைப் பார்த்தாள். ஆனால் அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'சரியான அளவுல ஒரு பலகைய நாம எங்க பாத்தோம்? பெருசாவே பாத்த கண்ணு, அதான் சின்னதாத் தெரியுது.' நியாயமான சமாதானம்தான். அந்த ஊரில் யாரும் அதை மறுத்திருக்க முடியாது.

பள்ளி திறந்த அன்று புதுப்பனி விழுந்திருந்தது. பத்து வயதுக்காரர்கள் எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். கூட்டிச் சொன்ன வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் கொண்டைவளைவில் அழகாகச் சாய்ந்து திரும்பிப் போயின. இழையினி வந்தாள். சாய்ந்தாள். பூட்ஸ் முனை பனியில் மாட்டியது. அவ்வளவுதான், பிள்ளை கரணம் போட்டுப் பறந்து போய் எச்சரிக்கைக் கொடிக்கம்பத்தில் மோதி நின்றது. கம்பம் மட்டும் இல்லாவிட்டால் பள்ளம்தான்.

உயிருக்கு ஒன்றுமில்லை, கை முறிந்திருந்தது. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு வடிவு, ஒடிந்த பலகையைத் தூக்கிக்கொண்டு வார்ப்பிக்கூடத்துக்குள் புகுந்தாள். "நான் சொன்ன அளவு எங்க, நீ வார்த்த அளவு எங்க? பாவி, கொன்னிருப்பியே என்ற புள்ளய!"

வார்ப்பி நிதானமாகத்தான் பேசியது. "போன வருட விபத்துக்குப் பிறகு, இதுவரை வார்த்த எல்லாப் பலகைகளையும் ஆராய்ந்தேன். உங்கள் ஊர்ப் பெற்றோர் எப்போதும் அளவைக் கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்த வருடம் முதல் அதைக் கழித்து வார்க்கிறேன். மற்ற பிள்ளைகளுக்குச் சரியாகவே பொருந்தியது."

"நான் சத்தியம் பண்ணுனேனே!"

"சத்தியம் செய்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கூட்டியிருக்கிறார்கள். ஆகவே உங்களுக்குக் கூடுதலாகக் கழித்தேன்."

வடிவு பலகையை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உண்மை பேசியதற்கு இந்த உலகத்தில் இப்படியும் ஒரு தண்டனையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இழையினியின் கை கூடிவர மழைக்காலம் இல்லாத அந்த ஊரில் ஒரு பனிப்பருவமே கழிந்தது. விபத்தில் ஒடிந்ததற்கு ஒரே ஒரு முறை மாற்றுப் பலகை தருவார்கள். அதற்குப்பின் மூன்று வருடம் கேட்கக்கூடாது. இந்த முறை புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அது இவ்வளவு கழிக்கும், அதனால் நாம் இவ்வளவு கூட்டவேண்டும் என்று ஒடிந்த பலகையின் அளவை நினைவில் வைத்தே கண்டுபிடித்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வடிவு கூட்டிய அளவைச் சொன்னாள்.

"இது உண்மையான அளவுதானா?"

"சத்தியமா," என்றாள் வடிவு. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

இழையினி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "ஏம்மா பொய் சொல்ற?"

"அப்பத்தான் கண்ணு உனக்குச் சரியா இருக்கும்."

உள்ளே கருநார் உருகும் சத்தம் கேட்டது. பலகை நீண்டுகொண்டே வந்தது. இழையினியின் நெற்றியைத் தாண்டி நின்றது. தேன்மொழியின் பலகையும் இதே நெட்டைதான். வடிவு வார்ப்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கழிக்கல? நீ கழிப்பீன்னுதானே..."

"நீங்கள் விட்டுச்சென்ற பலகையின் விளிம்பில், பூட்ஸ் முனை தாண்டி நின்று உரசிய தடம் இருந்தது," என்றது வார்ப்பி. "முதலில் நீங்கள் சொன்ன அளவு உண்மை என்று அதிலிருந்து அறிந்தேன். இந்த ஊரில் எனக்கு உண்மை சொன்ன ஒரே தாய் நீங்கள். ஆகவே உங்கள் சொல்லில் இனி எதையும் கழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். பிள்ளை இதற்குள் இவ்வளவு வளர்ந்துவிட்டாளே என்று வியப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. உங்களை நம்பாததற்கு மன்னியுங்கள்."

தெய்வசிகாமணி கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். வார்த்தது வார்த்ததுதான்.

திங்கட்கிழமை காலை, பலகையின் அகலத்துக்கு ஈடாக மகளுக்குப் பெரிய பூட்ஸ் ஒன்றைத் தேடி, அதன் முன்பக்கம் பஞ்சை வைத்துத் திணித்தாள் வடிவு. பிள்ளையின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டாள். கொண்டைவளைவில் இழுத்துத் திருப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. கயிறு தாங்கும் என்று நூறு முறை சொல்லிக்கொண்டாள்.

சரிவின் உச்சியில் பவளம் நின்றுகொண்டிருந்தாள், மகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். அவள் கண் இழையினியின் பலகையை மூக்கிலிருந்து வால்வரை அளந்தது.

"என்ன வடிவக்கா," என்றாள். "நீங்களுமா? பலகை இத்தன பெருசா இருக்குது?"

நடந்ததையெல்லாம் சொல்ல வடிவு வாயைத் திறந்தாள். எங்கே ஆரம்பிப்பது, சொன்னால் யார் நம்புவார்கள்? கீழே மணி அடித்துவிட்டது.

"பரவால்ல பவளம்," என்றாள். "வளர்ற புள்ளதான?"